கல்லில் ஊர்ப்பெயர், நெற்றியில் ஆள்பெயர்

சியோல் நகரைச் சுற்றி மலை முகடுகளில் ஏறி இறங்கும் பழைய மதிலுக்கு ஹன்யாங் தோசோங் என்று பெயர். அதன் நீளம் 18.6 கிலோமீட்டர். வடக்கே புகாக், மேற்கே இன்வாங், தெற்கே நாம்சான், கிழக்கே நாக்சான் என்று நான்கு மலைகளை ஒரே சரத்தில் கோத்தது போல் அது ஓடுகிறது. ஜோசோன் அரசின் முதல் மன்னர் தேஜோ 1396-இல் கட்டுவித்தது. விடிந்ததும் ஒரு வாசலில் புறப்பட்டு, மதிலை ஒட்டியே நடந்து, பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது அந்நகரத்தாரின் பழைய வழக்கம், சுன்சோங் என்பார்கள். அரசுத் தேர்வுக்கு வந்த இளைஞர்கள் தேர்ச்சி வேண்டி இப்படிச் சுற்றியதும் உண்டு. திருவண்ணாமலைக் கிரிவலம் அறிந்தவர்களுக்கு இந்த நடை புதிதாகத் தோன்றாது. வட கொரியப் படையினர் 1968 ஜனவரியில் ஊடுருவிய பிறகு புகாக் மலைப் பகுதி பொதுமக்களுக்கு மூடப்பட்டு, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து 2007-இல்தான் திறந்தது. இப்போது அந்தச் சுற்றை மறுபடியும் ஒரே பகலில் முடிக்க முடிகிறது.

அந்த மதிலில் நடப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. நாக்சான் மலை கிழக்கு வாசலை நோக்கி இறங்கும் இடத்தில், சுவரின் சில கற்களில் சீன எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுவர் நெடுக இப்படிப்பட்ட கற்கள் 200-க்கும் மேல் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் மன்னர் புகழ் இல்லை, கடவுள் வாழ்த்தும் இல்லை. தேஜோ காலத்துக் கல்லில் அந்தப் பகுதிக்கு இட்ட வரிசை எழுத்து இருக்கும். 1422-இல் செஜோங் மன்னர் மதிலைக் கல்லாலேயே திருத்திக் கட்டியபோது வெட்டிய கல்லில் வேலைக்கு ஆள் அனுப்பிய மாவட்டத்தின் பெயர் இருக்கும். 1704-இல் சுக்ஜோங் காலத்தில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கற்களில் மேற்பார்வையாளர் பெயர், கல்தச்சர் பெயர், வேலை முடிந்த நாள் எல்லாமே வந்துவிடுகின்றன. 1396-இல் மதிலை 97 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வட்டாரத்துக்கு ஒப்படைத்தார்கள். உழவு இல்லாத இரண்டு பருவங்களில், 98 நாளில், ஏறக்குறைய 2,00,000 பேரின் உழைப்பில் சுவர் எழுந்தது. எந்தக் கல் எந்த ஊரார் வைத்தது என்று அறுநூறு ஆண்டுக்குப் பிறகும் விரலை வைத்துச் சொல்லலாம். செஜோங் காலத்து வேலையில் 872 பேர் இறந்ததையும் அரசின் ஏடு மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இதே கேள்வியைப் பினாங்கில் கேட்டுப் பார்க்கலாம். நம் தீவில் மலைமதில் கிடையாது. இருப்பது கடலோரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை, தீவின் நடுவே கொடிமலை, இரண்டையும் சேர்க்கும் சாலைகளும் மலைப்பாதையும். 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றிய இடத்தில் முதலில் எழுந்தது நிபோங் பனைமரத்தை நட்டு அடைத்த வேலிதான். 1804-இல் பார்கார் ஆட்சியில் இருந்தபோது செங்கல்லும் கல்லும் வைத்துக் கோட்டையை மறுபடி கட்டத் தொடங்கி, 1810-இல் மக்காலிஸ்டர் காலத்தில் முடித்தார்கள். நட்சத்திர வடிவம், பத்தடி உயரச் சுவர், வெளியே 9 மீட்டர் அகல அகழி. செலவு 80,000 ஸ்பானிய டாலர். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். ஒரு போரையும் காணாத இந்தக் கோட்டை 1977-இல் பழம்பொருள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனுக்குள்ளும் இருக்கிறது. கணக்கில் டாலர் இருக்கிறது, ஆளுநர் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது. சுவரை எழுப்பியவர்கள் 'கைதிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள்.

ஊர் எவரை நினைவில் வைத்திருக்கிறது என்பதைத் தெருப்பலகைகளே சொல்லிவிடும். லைட் தெரு, பார்கார் தெரு, லீத் தெரு, மக்காலிஸ்டர் சாலை எல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியாளர்களின் பெயர் தாங்கியவை. சுதந்திரமாக வந்த தமிழருக்கும் அவரவர் இடம் உண்டு. சூலியா தெரு இருக்கிறது. 1801-இல் பள்ளிவாசல் கட்டிய காதர் முகைதீனின் பதவிப் பெயரால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து உழைத்துப் பணத்தோடு ஊர் திரும்புகிறார்கள் என்று லைட் 1794-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தெருக்களைப் போட்டவர்களுக்கும், 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியவர்களுக்கும், காட்டை அழித்து வடிகால் வெட்டியவர்களுக்கும் ஒரு முடுக்குக்கூட இல்லை. அவர்களை நினைவூட்ட மிஞ்சியிருக்கும் பெயர் ஜாலான் பென்ஜாரா, அதாவது சிறைச் சாலை. அதுவும் கட்டடத்தின் பெயர்தான்.

யார் இவர்கள்? பழைய தமிழில் இந்தத் தண்டனைக்குத் தீவாந்தரம் என்றே பெயர். தீவுக்குப் போவதுதான் தண்டனை என்பது சொல்லிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1787-இல் சுமத்ராவின் பெங்கூலனுக்கும், 1790 முதல் பினாங்குக்கும் இந்தியக் கைதிகளை அனுப்பியது. 1796-இல் அந்தமானின் முதல் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளும் இங்கே வந்து இறங்கினார்கள். 1824-இல் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறிய பிறகு அங்கிருந்தவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டார்கள். வங்கம், சென்னை, பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1858-இல் அந்தமான் மறுபடி திறந்ததும் வரத்து வற்றியது. 1873-இல் நீரிணைக் குடியேற்றங்களின் கைதி அமைப்பே கலைக்கப்பட்டது. கம்பெனிக்கு இது தண்டனை மட்டுமாக இருக்கவில்லை. ஆள் கிடைக்காத தீவில் சம்பளம் கேட்காத கை வேண்டியிருந்தது. நன்னடத்தை காட்டிய கைதிகளையே மேஸ்திரி வேலையில் வைத்தார்கள். கப்பல் கூட்டத்தின் தலைவனைச் சொல்லும் நம் தண்டல் என்ற சொல் அவர்களுக்குப் பதவிப் பெயரானது. பொதுப்பணி என்று அந்தக் காலத்து ஆவணம் எதைச் சொன்னாலும் அதற்குள் இந்தக் கைகள்தான் இருக்கின்றன.

பெயர் எழுதப்படவில்லை என்று மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. எழுதப்பட்டது, ஆனால் கல்லில் இல்லை. வங்க மாகாணத்தில் 1797-இல் வந்த ஒழுங்குவிதியின்படி, ஆயுள் கைதியின் நெற்றியில் அவன் பெயர், குற்றம், தண்டனை விதித்த நாள் ஆகியவற்றைப் பச்சை குத்தினார்கள். கோத்னா என்று அதற்குப் பெயர். சென்னை மாகாணத்திலும் அது வழக்கமானது. பச்சை குத்துவது நம் பாட்டிமார் கையில் கோலமாகவும் தேளாகவும் ஆசையாக இட்டுக்கொண்ட ஒன்று. அதே ஊசியும் அதே மையும் இங்கே அரசாணையாகிப் புருவத்துக்கு மேல் இறங்கின. தப்பி ஓடினால் அடையாளம் காட்டுவதற்காக இட்ட எழுத்து அது. விடுதலைச் சீட்டு வாங்கி வெளியே வந்து, உள்ளூரில் மணந்து, கடை வைத்த பிறகும் அது போகாது. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1849-இல்தான் கோத்னா ஒழிந்தது. இங்கே இன்றும் நிற்கும் சிறை எழுந்த ஆண்டும் அதுதான். கொரிய மதிலில் வேலை செய்தவனின் ஊர்ப்பெயர் அவன் வைத்த கல்லில் இருக்கிறது. பினாங்குச் சுவரில் வேலை செய்தவனின் பெயர் அவன் தோலில் இருந்து, அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. நம் தீவின் பழைய கட்டுமானங்களைப் பாதுகாப்பதாகச் சொல்லும் எந்த வேலையும் இந்தக் குறையைச் சரிசெய்யாமல் முழுமை பெறாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தமிழர் வரலாற்றோடு இந்தத் தீவு முட்டும் இடம் ஒன்று உண்டு. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அதைத் தரைமட்டமாக்கி, இருந்த சுவடே தெரியாமல் அழித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட கப்பலில் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களில் இருந்தார்கள். துரைச்சாமிக்கு அப்போது ஏறக்குறைய 15 வயது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர், 1818-இல் பினாங்கில் அந்தத் துரைச்சாமியைச் சந்தித்ததைத் தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். முப்பது வயதைச் சற்றே தாண்டியவர் முதியவரைப் போல் தளர்ந்து நின்றார். யார் என்று அவரே சொல்லும்வரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஊரில் கோட்டைகளை இடித்துவிட்டு அந்த ஊராரைக் கம்பெனி இறக்கிய தீவில், இரண்டே ஆண்டில் புதுக்கோட்டை எழும்பத் தொடங்கியது. இந்த நெருக்கத்தைப் பார்த்ததும் பாளையக்காரர்களே கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கல் சுமந்தார்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லக்கூடாது. அரசியல் காரணத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்கள் ஒரு வகை, வேலைக் கும்பலில் சேர்க்கப்பட்ட தண்டனைக் கைதிகள் இன்னொரு வகை. கம்பெனி இருவரையும் வெவ்வேறாகவே நடத்தியது. அந்த வேறுபாட்டை மறைப்பது சுமந்தவர்களுக்குத்தான் இரண்டாவது முறை அநீதியாகும். துரைச்சாமியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அவர் தந்தைக்குச் சிலை இருக்கிறது, அவருடைய தீவு வாழ்வைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அவரிருந்த அதே ஆண்டுகளில் அதே ஊரில் சுண்ணாம்பு குழைத்தவனுக்கு அப்படி யாரும் இல்லை. நாடு கடத்தப்பட்டவர்களை நினைக்கும்போதும் நாம் பல்லக்கில் போனவர்களைத்தான் முதலில் நினைக்கிறோம்.

இந்த வாதத்துக்கு எதிரே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொரியக் கற்களில் பெயர் வெட்டியது மரியாதைக்காக இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். தன் பகுதி இடிந்து விழுந்தால் அந்த வட்டாரத்தாரையே திரும்பக் கூப்பிட்டுக் கட்டவைக்க வேண்டும், அதற்காகவே அந்த எழுத்து. வந்தவர்களும் விரும்பி வந்தவர்கள் அல்லர். அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டாய உழைப்பு அது. அப்படியானால் நெற்றி எழுத்துக்கும் கல் எழுத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பொறுப்பில் பிடித்துவைக்க அரசு போட்ட அடையாளம்தானே? நோக்கம் ஒன்றாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாலும், எழுதிய இடம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கல்லில் எழுதினால் 'இந்த வேலை இவனுடையது' என்று பொருள். நெற்றியில் எழுதினால் 'இவன் இந்தக் குற்றத்துக்கு உரியவன்' என்று பொருள். முதல் வாக்கியத்தில் ஆள் செய்தவன். இரண்டாவதில் அவன் செய்யப்பட்ட பொருள். அதைவிட முக்கியம், கல்லில் இருக்கும் எழுத்தை எழுதியவனின் நோக்கம் காலம் போகப் போக உதிர்ந்துவிடுகிறது. பழி சுமத்த வெட்டிய எழுத்தை இன்றைக்கு அந்த மாவட்டத்திலிருந்து வரும் ஒருவர் தம் ஊர்ப்பெயராகப் படிக்கிறார். கொரியாவிலேயே இந்த எண்ணம் முதிர்ந்ததற்கும் சான்று உண்டு. ஜோங்ஜோ மன்னர் 1794 முதல் 1796 வரை சூவோனில் கட்டிய ஹ்வாசோங் கோட்டையில் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தார்கள். 1801-இல் அச்சான கட்டுமானப் பதிவேட்டில் கைவினைஞர் பெயரும் அவர்கள் வேலை செய்த நாளும் வந்துவிட்டன. சரியாக அதற்கு மூன்றாண்டு கழித்துத்தான் இங்கே கோட்டை வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் யாருக்கு இந்த எண்ணம் இருந்தது என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்கும். 'கைதிக்கு எதற்குக் கல்வெட்டு? கொலையும் கொள்ளையும் செய்தவனைக் கொண்டாடவா?' கம்பெனி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் எல்லாரும் நிரபராதிகள் என்று வாதிடுவது நேர்மையாகாது. கொலைகாரர்களும் கொள்ளையர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். வரி கேட்ட ஆட்சியை எதிர்த்தவர்களும், பஞ்சத்தில் திருடியவர்களும் இருந்தார்கள். ஒரு கல்லை வைக்க இந்தக் கணக்கைப் பிரிக்கத் தேவையில்லை. கட்டடத்தில் பெயர் எழுதுவது குணத்துக்கு நற்சான்று தருவதாகாது, உழைப்புக்கு ரசீது தருவதாகும். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் கைதி வம்சம் என்பதை மறைத்த நாடு அது. இன்று அங்கே 11 கைதி இடங்கள் 2010 முதல் உலக மரபுப் பட்டியலில் இருக்கின்றன. தாஸ்மானியாவின் கேம்ப்பெல் டவுன் என்ற சிற்றூரில் நடைபாதையில் ஒவ்வொரு செங்கல்லாகப் பதித்து, அதில் கைதியின் பெயர், வந்த கப்பல், குற்றம், தண்டனை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். அதே தீவில் 1836-இல் முடிந்த ராஸ் பாலத்தின் சிற்பங்களைச் செதுக்கிய டேனியல் ஹெர்பர்ட் கைதிதான். அந்த வேலைக்காகவே விடுதலை பெற்றவர். அவர் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாலத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. அதே பிரிட்டிஷ் கொடி, அதே நூற்றாண்டு, அதே தண்டனை. வெள்ளைக் கைதிக்குக் கிடைத்த பெயர் இந்தியக் கைதிக்குக் கிடைக்காததற்கு அவன் செய்த குற்றம் காரணமாக இருக்க முடியாது.

வேலை செய்தவன் பெயரை எழுதும் பழக்கம் நமக்கு எப்போது இருந்தது, இதை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா என்று இன்னொரு கேள்வி எழலாம். தஞ்சைப் பெரிய கோயில் இதற்குப் பாதிப் பதில் தருகிறது. 1010-இல் முடிந்த அந்தக் கோயிலின் சுவரில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. நாவிதர் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்தத் தளியிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதோடு வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய கட்டடத்தில் சிறிய மனிதருக்கும் இடமுண்டு என்ற எண்ணம் கொரியாவுக்கு 400 ஆண்டு முன்பே தமிழ்க் கல்லில் இருந்தது. மீதிப் பாதி அவ்வளவு பெருமையானதில்லை. விமானத்துக்குக் கருங்கல் இழுத்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. செஞ்சியிலும் அதே கதை. மூன்று மலைகளை இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடும் அந்த மதில் ஹன்யாங் தோசோங்குக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு. 2025-இல் மராட்டியப் படைக்கோட்டைகளின் தொகுதியில் உலக மரபாகவும் ஆகிவிட்டது. அங்கே ஏறுகிறவர்களுக்குத் தேசிங்கு ராஜன் கதை தெரியும், ராஜகிரியின் உயரம் தெரியும். அந்தச் செங்குத்துப் பாறையில் மதிலை ஏற்றியவர்கள் எந்த ஊரார் என்று மதில் சொல்வதில்லை. ஆகவே நம் மரபில் விதை இருக்கிறது, விளைச்சல் அரைகுறை என்று சொல்வதே சரி.

பினாங்கில் எதில் எழுதுவது? கோட்டைச் சுவர் சுற்றிவரக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கைதிகள் கட்டியது கோட்டையை மட்டுமில்லை. கோட்டையிலிருந்து மலைவரை விரிந்த ஊரையே கட்டினார்கள். அதனால் கொரியச் சுற்றுக்கு ஈடாக இங்கே இருக்கக்கூடியது ஒரு நீண்ட நடைக்கோடு. கோட்டை வாசலில் புறப்பட்டு, செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களைக் கடந்து, சிறையின் மதிலோரமாகப் போய், தாவரவியல் பூங்காவை அடைந்து, அங்கிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறலாம். பூங்காவிலிருந்து உச்சிவரை மட்டும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், விடாத ஏற்றம். பாதி வழியில் எண்பத்துநான்கு என்று மலையேறிகள் அழைக்கும் ஓய்விடம் உண்டு. மலையேறிகளே முறைவைத்துக் கவனித்துக்கொள்ளும் அந்தக் கொட்டகையில் வருகிறவர் எவரானாலும் தேநீர் கிடைக்கும். பெயர் கேட்காமல் கோப்பை நீட்டும் இடம் அது. உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில். சிப்பாய்களும் துரைமாரை டோலியில் தூக்கிச் சென்றவர்களும் வைத்து வணங்கிய சிறு கோயிலாக அது தொடங்கியது என்று அதன் தலவரலாறு சொல்கிறது. 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை உச்சிக்கு ஏற்றிச் சென்றது மட்டக் குதிரையும் மனிதத் தோளும்தான்.

மலைப்பாதை பற்றி ஒரு நுணுக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். லைட் 1788-இல் மலைக்கு முதல் தடத்தை வெட்டச் செய்தபோது கைதிக் கப்பல்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. எனவே மலையில் எல்லாக் கல்லும் கைதி வைத்ததென்று எழுதினால் பொய்யாகும். இன்றைய பாதை தார் போட்டது, வளைவுகள் திருத்தப்பட்டவை என்பதும் உண்மை. ஆனால் பழுதுபார்த்ததால் நினைவுச் சின்னம் செத்துவிடாது. சியோல் மதிலில் நடந்தால் கல்லின் அளவே காலத்தைக் காட்டும். கீழ்வரிசையில் கரடுமுரடான சிறு கல் என்றால் தேஜோ காலம். சோளமணிபோல் முனை மழுங்கிய கல் என்றால் செஜோங் காலம். முழங்கை நீளத்துக்குச் சதுரமாகச் செதுக்கிய கல் என்றால் சுக்ஜோங் காலம். அதற்குமேல் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய சதுரங்கள், எல்லாவற்றுக்கும் மேல் அண்மையில் வைத்த வெளிறிய கற்கள். பல தடவை இடிந்து பல தடவை கட்டிய சுவர் அது. உலக மரபுக்கு அதை முன்மொழிந்தபோது 2017-இல் நிபுணர் குழு பரிந்துரைக்க மறுத்தது. அதனால் அந்தச் சுவரின் எழுத்து ஒன்றும் அழிந்துவிடவில்லை, நடப்பவர்களும் குறையவில்லை. நம் நடைக்கோட்டில் ஒவ்வோர் இடத்திலும் அங்கே யார் வேலை செய்தார்கள் என்று சான்று இருக்கும் அளவுக்கு மட்டும் எழுதலாம். கோட்டையிலும் தேவாலயத்திலும் கைதிகள் என்று உறுதியாக எழுதலாம். மலைக்கோயில் வாசலில் டோலி தூக்கிகளை எழுதலாம்.

பெயர்களுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. கைதியைக் கப்பலில் ஏற்றும்போது ஒரு பட்டியலும் கூடவே போனது. பெயர், தந்தை பெயர், சாதி, வயது, உயரம், உடம்பின் மச்சம் தழும்பு, குற்றம், தண்டனைக் காலம் என்று வரிசையாக அதில் எழுதுவார்கள். கம்பெனியின் நீரிணை ஆவணங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிளேர் ஆண்டர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்தப் பட்டியல்களை வைத்தே இந்தியப் பெருங்கடலின் கைதி வரலாற்றை எழுதினார்கள். மொரிஷியஸ் தன் ஒப்பந்தத் தொழிலாளர் ஏடுகளைப் பாதுகாத்து வைத்திருப்பதால் அங்கே ஒருவர் தம் கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடிப் போக முடிகிறது. பட்டியலிலுள்ள எந்தப் பெயர் எந்தச் சுவரில் வேலை செய்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்த முடியாது. கோட்டை எழுந்த ஆண்டுகளில் தீவில் இருந்தவர்கள் இவர்கள் என்று எழுதினால் போதும், அது உண்மை. இந்த வேலையைத் தமிழர் தனிச் சொத்தாக்கவும் கூடாது. பட்டியலில் வங்காளிப் பெயர்கள் வரும், இந்துஸ்தானிப் பெயர்கள் வரும், மராட்டிப் பெயர்கள் வரும். நம் பெயர்கள் அவற்றினிடையே வரும். பலர் இங்கேயே மணந்து, பெயரும் மதமும் மொழியும் மாறி, மலாய்க் குடும்பங்களுக்குள் கலந்துவிட்டார்கள். அந்தச் சுவரில் பாத்தியதை உள்ளவர்கள் இன்று தங்களுக்கு அது தெரியாமலே பினாங்குச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று மட்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: பட்டியலில் உள்ளதில் எதைக் கல்லில் ஏற்றுவது? கேம்ப்பெல் டவுன் செங்கல்லில் குற்றமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்வதில் ஒரு நேர்மை உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கைதிகளின் நெற்றியில் குற்றம் ஒருபோதும் எழுதப்பட்டதில்லை. நம் ஆட்களுக்குக் குற்றத்தை ஏற்கனவே ஒருமுறை எழுதிவிட்டார்கள், சாகும்வரை அழியாத மையில். பட்டியலிலிருந்து பெயரையும் தந்தை பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். எந்த மாவட்டத்து நீதிமன்றம் தண்டித்தது என்பதைக் கொண்டு ஊர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்து அதையும் சேர்க்கலாம். நாக்சான் சரிவில் அந்தக் கொரியக் கல்லில் இருப்பதும் அவ்வளவுதான்.